டிரம்முக்குத் திறப்பு விழா

பினாங்குத் தமிழர் கால்நடை வளர்ப்போர் நலச் சங்கத்தின் செயலவையில் மாடு வைத்திருந்தவர் ஒருவர்கூட இல்லை. இது குறை அல்ல, தகுதி. மாடு வைத்திருப்பவன் விடிகாலையில் பால் கறக்க வேண்டும், பொழுது சாயப் பால் கறக்க வேண்டும், இடையில் புல் அறுக்க வேண்டும். அவனுக்குக் கூட்டம் போட நேரம் ஏது? ஆகவே மாடில்லாதவர்கள் முன்வந்து மாட்டுக்காரர்களின் நலனைத் தங்கள் தோள்மேல் தூக்கிக்கொண்டார்கள். தோளில் ஏற்கெனவே பொன்னாடை கிடந்ததால் பாரம் அவ்வளவாகத் தெரியவில்லை.

தலைவர் பரமநாதன் யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். மாட்டுக்கும் அவருக்கும் உள்ள உறவு காலைக் கோப்பியோடு முடிந்துவிடும். செயலாளர் அம்பிகைபாகன் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி. கூட்டக் குறிப்பு எழுதுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. யாராவது தும்மினால்கூட, 'உறுப்பினர் ஒருவர் தும்மினார், அவை அதை ஏற்றுக்கொண்டது' என்று எழுதிவிடுவார். எழுதுகிற தமிழிலேயே பேசிப் பேசி, வீட்டில் சோறு கேட்கும்போதும் முன்மொழிந்துதான் கேட்பார் என்று ஊரில் பேச்சு. மகளிர் பிரிவுத் தலைவி யோகம்மா. மகளிர் பிரிவில் அவரும் அவர் தங்கையும் இருந்தார்கள். தங்கை ஈப்போவில் இருந்தார்.

சுப்பையா சாதாரண உறுப்பினன். சுங்கை பினாங் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு நாலு மாடு வைத்திருந்தான். வருஷா வருஷம் சந்தா கட்டுவான். அதற்கு மேல் சங்கம் தனக்கு ஏதாவது செய்யும் என்றோ, தன்னை ஏதாவது செய்யும் என்றோ அவன் நினைத்ததே இல்லை.

அவனுடைய மாடுகளில் உருப்படியாகப் பால் கொடுத்தது பேபிதான். கன்றாக வாங்கி வந்தபோது மனைவி ருக்குமணி அப்படிக் கூப்பிட்டாள். இரண்டு கன்று போட்ட பிறகும் பெயர் மாறவில்லை. தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் பேபி தீனியை மறுக்க ஆரம்பித்தது. வயிறு உப்பும், கழியும், கொஞ்சம் சரியாகும், மறுபடி முதலிலிருந்து. ஊசி போட்டுப் பார்த்தான். விலா எலும்பை எண்ணலாம் போல் ஆகிவிட்டது. தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. வருஷத்தில் அந்த ஒரு நாளைக்குத்தான் பினாங்கு முழுக்கப் பாலுக்கு அலையும். சுப்பையா வீட்டுப் பால் குடத்தில் ஏறாத தைப்பூசம் இதுவரை இருந்ததில்லை.

பட்டர்வொர்த்திலிருந்து லோரியோடு பெர்ரியேறி வரும் மாட்டு வியாபாரி சுலைமான் கொட்டகை வாசலில் நின்று பேபியை ஏற இறங்கப் பார்த்தான்.

“என்னண்ணே, இன்னும் வச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க? தைப்பூசம் வரைக்கும் பாருங்கலா. தேறலன்னா நான் ஓட்டிக்கிறேன்.”

ஓட்டிக்கொண்டு போகிற இடம் எது என்று இருவருக்கும் தெரியும். அன்றைக்குச் சுப்பையாவுக்குச் சோறு இறங்கவில்லை. மாட்டுக்காரன் மாட்டுக்காக அழுவது கேவலம் என்று அவன் நினைத்திருந்தான். ஆனால் பேபியின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றபோது அழத்தான் செய்தான்.

அப்போதுதான் கால்நடை இலாகாவில் வேலை பார்க்கும் நோர்மா என்ற பெண் மாட்டுக்காரர்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தாள். தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, பாசாரில் வீசியெறிகிற அன்னாசித் தோல், தவ்ஹூ செய்கிற இடத்துச் சோயாச் சக்கை, இவற்றோடு மஞ்சள், இஞ்சி, பூண்டு, வேப்பிலை, கீழாநெல்லி எல்லாம் இடித்துப் போட்டு, குலா மெலாக்கா வெல்லத்தைக் கரைத்து ஊற்றிப் பிசைந்து, ஒரு டிரம்மில் அடித்து அமுக்கி மூடிவிட வேண்டும். மூன்று வாரத்தில் புளித்துப் பக்குவமாகும். பிறகு தினமும் தீனியில் ஒரு கை கலந்து கொடுத்தால் மாட்டின் வயிறு நேராகும். விஷயம் அவ்வளவுதான். ஒரே ஒரு கட்டளை.

“ஜங்ஙான் புக்கா, பக்சிக்,” என்று நோர்மா விரலை ஆட்டிச் சொன்னாள். திறக்கவே கூடாது. “காத்து உள்ள போச்சுன்னா ஹபிஸ், எல்லாம் முடிஞ்சுது.”

தன் மாட்டுக்கு மட்டும் செய்துகொள்ளாமல் சங்கத்தில் சொன்னால் நாலு மாட்டுக்காரர்களுக்கு உதவுமே என்று சுப்பையா நினைத்தான். அந்த நல்லெண்ணம்தான் அவனைக் கவிழ்த்தது.

*

சங்க மண்டபம் பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. சுவர் நிறைய முன்னாள் தலைவர்களின் படங்கள். சுப்பையா செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய் நின்றான். பேபியின் நோய், சுலைமான் கேட்டது, நோர்மா சொன்ன டிரம், எல்லாவற்றையும் சொன்னான். செயலவை ஆடிப்போய்விட்டது. சங்கம் தொடங்கிய நாள் முதல் கால்நடை சம்பந்தமாக ஒருவர் பேச வந்தது அதுதான் முதல் தடவை.

பரமநாதன் எழுந்தார். “சுப்பையா, நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். இதைச் சங்கமே எடுத்துச் செய்யும்.” பிறகு மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுக் குரலை மாற்றினார். “நேரத்தின் அருமை கருதிச் சுருக்கமாகவே பேசுகிறேன்.” அதன்பிறகு கீழே கடையில் மத்தியானச் சோறு முடிந்து மாலை தே தாரேக் தேநீர் தொடங்கும்வரை பேசினார். சாரம் இதுதான்: பேபி என்னும் பசுவைச் சங்கம் தனது சோதனைப் பசுவாகத் தத்தெடுத்துக்கொள்கிறது. சங்கத்தின் தீவனம் அதற்கு ஊட்டப்படும். தேறினால் சங்கத்துக்குப் பெருமை. தைப்பூசத்துக்குள் தேறாவிட்டால், நோயுற்ற அப்பசுவைச் சங்கமே சுலைமானுக்கு விற்று, அந்தப் பணத்தை விழாச் செலவில் சேர்த்துக்கொள்ளும்.

சுப்பையாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'என் மாட்டை நீங்க எப்படிங்க விக்கிறது?' என்று கேட்பதற்காகக் கையைத் தூக்கினான்.

“உரிமையாளரும் கையுயர்த்தி ஆதரித்தார்,” என்று அம்பிகைபாகன் எழுதிக்கொண்டார். “தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.”

“இல்லீங்கையா, நான் ஒரு கேள்வி...”

“கேள்வி நேரம் முடிந்துவிட்டது.”

அடுத்துப் பிரச்சினை வந்தது. குறிப்பில் பசுவை எப்படிக் குறிப்பிடுவது? செல்வி பேபி என்று எழுத முடியாது, இரண்டு கன்று போட்டிருக்கிறது. திருமதி என்று எழுதினால் துணைவரின் விவரம் வேண்டும் என்றார் அம்பிகைபாகன்.

“காளை யாருன்னு எனக்கே தெரியாதுங்க,” என்றான் சுப்பையா. “ஊசி போட்டுத்தான் சினையாச்சு.”

யோகம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். இந்த விஷயத்தை மகளிர் பிரிவு விசாரிக்கும் என்று ஒத்திவைத்துவிட்டு, அதுவரை வெறும் 'பேபி அவர்கள்' என்று முடிவானது.

*

டிரம் சங்கச் சொத்து என்பதால் அது மண்டபத்தில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். சுப்பையாவும் இரண்டு மாட்டுக்காரர்களும் புண்ணாக்கையும் சக்கையையும் மூட்டை மூட்டையாகப் படியில் சுமந்து ஏற்றினார்கள். பிசைந்தார்கள். அமுக்கினார்கள். மூடப் போகும்போது அம்பிகைபாகன் கையைக் காட்டித் தடுத்தார்.

“எங்கே மூடுகிறீர்?”

“மூடித்தாங்க வைக்கணும். மூணு வாரம் திறக்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கு.”

“சங்க விதியில் திறப்பு விழாவுக்கு இடமிருக்கிறது. மூடி வைப்பதற்கு விதி எதுவும் இல்லை. இதுவரை திறந்து வைக்கப்படாத ஒன்றை நாம் எப்படி மூட முடியும்?”

பரமநாதன் இன்னொன்றைச் சொன்னார். “அதோட, மூடுறதுக்கெண்டு விழா வைச்சா எந்தப் பெரிய மனுசன் வருவான்?”

ஆகவே முதல் திறப்பு விழா நடந்தது. மூடியை வைத்தார்கள், ரிப்பன் கட்டினார்கள், பரமநாதன் கத்தரித்து மூடியைத் தூக்கினார். கைதட்டல். சுப்பையாவை 'டிரம் பாதுகாவலர்' என்று நியமித்துச் சட்டையில் ஒரு ரோஜாப்பூ வில்லை குத்தினார்கள். டிரம்மை யாரும் திறக்காமல் பார்த்துக்கொள்வது அவன் கடமை. செயலவை தீர்மானித்தால் திறந்துவிடுவதும் அவன் கடமை. கொஞ்ச நேரம்தானே திறந்திருந்தது, புதுச் சரக்குதானே, கெடாது என்று மனசைத் தேற்றிக்கொண்டு அவன் மூடியை இறுக்கிக் கட்டினான்.

அடுத்த வாரம் யோகம்மா வந்தார். முதல் விழாவுக்கு அவரைக் குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிடவில்லை. விளக்கே வைக்கவில்லை.

“விளக்கேத்தாம ஒரு மங்கல காரியமா? நாலு பேர் கண்ணுபட்டா மாட்டுக்கு ஆகுமா, தம்பி? திறங்க.”

“அக்கா, காத்து போனா...”

“காத்து தெய்வம் லா.”

விளக்கு ஏற்றினார். தேவாரம் பாடினார், ஈப்போத் தங்கையின் சார்பிலும் ஒன்று பாடினார். டிரம்முக்கு ஆரத்தி சுற்றினார். சுற்றிய ஆரத்தித் தண்ணீரை வாசலில் கொட்டுவதற்கு மாடிப்படி இறங்க முடியாமல் டிரம்முக்குள்ளேயே ஊற்றினார்.

அந்த வாரமே மூன்றாம் திறப்பு விழா. முதல் இரண்டு விழாவுக்கும் படம் பிடித்த கெமராவில் பிலிம் போடவில்லை என்பது தெரியவந்தது. படம் இல்லாத விழாவை விழா என்று பதிய முடியாது என்றார் அம்பிகைபாகன். எல்லாரும் அதே உடுப்பில் வந்தார்கள். பரமநாதன் மூடியைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, 'இன்னொண்டு எடும், கண்ணைச் சிமிட்டிப்போட்டன்,' என்று சொல்லிச் சொல்லி முழுச் சுருளும் தீரும்வரை நின்றார். டிரம்முக்குள் ஒரு ஈ இறங்கியது. பிறகு அதன் குடும்பம் இறங்கியது. சுப்பையா வில்லையும் சட்டையுமாக ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலாவது விழாவுக்குப் பட்டர்வொர்த் கிளை பெர்ரியேறி வந்தது. தீவில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் திறக்கத் தெரியுமா, பெருநிலத்தில் இருப்பவர்கள் மனுஷர்கள் இல்லையா என்று கிளைத் தலைவர் கேட்டதும் மூடியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். கிளையின் சார்பில் ஆளுக்கொரு முறை கரண்டியால் கிண்டினார்கள். அன்றைக்குப் பரமநாதனின் பேச்சு அவருடைய வாழ்நாள் பேச்சு என்று பிற்பாடு சொன்னார்கள்.

“அன்பர்களே! இங்கே ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கக் கோடிக்கணக்கில் கொட்டிப் பாலம் கட்டுகிறார்கள். அவ்வளவு பெரிய பாலத்தையே ஒரு தடவைதான் திறக்கப் போகிறார்கள். ஒரு தடவை! ஆனால் நம் சங்கம், ஒரு சாதாரண டிரம்மை இதுவரை நான்கு தடவை திறந்திருக்கிறது. யார் செயல்வீரர்கள் என்று வரலாறு சொல்லும்!”

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பினாங்கு ஸ்திரீட் ஜன்னலிலிருந்து பாலம் தெரியாது. எதிர்க்கடையின் புடவைதான் தெரியும். அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

வாடை மட்டும் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தது. கீழே நாசி கண்டார் கடைக்காரர் முகம்மது மேலே ஏறி வந்து, ஆட்கள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள் என்று முறையிட்டார். மீன்தலைக் கறி விற்கிறவருக்கே தாங்க முடியாத வாடை. அம்பிகைபாகன் அதைக் குறிப்பில் எழுதினார்: 'சங்கத்தின் பணி கீழ்த்தட்டு மக்களையும் எட்டியிருப்பது மகிழ்ச்சிக்குரியது.'

*

இதற்கு முன்பே, இரண்டாவது விழா முடிந்த அன்றைக்கு, சுப்பையா நடந்ததை வீட்டில் வந்து சொன்னபோது ருக்குமணி பாயான் லெப்பாஸ் பேக்டரி வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கேட்டாள்.

“ஏங்க, அவங்களுக்கு வேண்டியது என்ன?”

“திறக்கணும்.”

“நம்ம மாட்டுக்கு?”

“மூடி வைக்கணும்.”

“அப்ப அவங்க திறந்துகிட்டே இருக்கட்டும். நம்ம வீட்டுல மூடி வைக்க ஒரு டோங் இல்லாமலா போச்சு?”

இவ்வளவு நாளாகச் சங்கத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததில், தானும் ஒன்று செய்யலாம் என்பதே சுப்பையாவுக்கு மறந்துபோயிருந்தது. அன்றே இருவரும் உட்கார்ந்து இடித்தார்கள். மூடிபோட்ட பிளாஸ்டிக் டோங்கில் அமுக்கி, விளிம்பைச் சுற்றி லாஸ்தேக் நாடா ஒட்டிக் கட்டில் அடியில் தள்ளினார்கள். ரிப்பன் இல்லை, விளக்கு இல்லை, யாரும் பேசவில்லை. அதன்மேல் ருக்குமணி பழைய பாயைச் சுருட்டி வைத்தாள். மண்டபத்தில் டிரம்மைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அவன் வில்லை குத்திக்கொண்டு போய் நின்றான். வீட்டுக்கு வந்ததும் குனிந்து கட்டிலடியைப் பார்ப்பான். மூடியது மூடியபடி இருக்கும். அதைப் பார்க்கும்போது மனசு குளிர்ந்துவிடும்.

மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது அறையெல்லாம் புளிப்பும் இனிப்புமாக, பழுத்த பழம் மாதிரி மணத்தது. முதல் நாள் பேபி முகர்ந்தது. இரண்டாம் நாள் நக்கியது. அந்த வாரக் கடைசியில் தொட்டியைச் சுத்தமாக நக்கிவிட்டு இன்னும் வேண்டும் என்று தலையால் இடித்தது. சாணி கெட்டியானது. சுப்பையா சாணியைக் கையில் எடுத்து ருக்குமணியிடம் காட்டினான்.

“இதப் பாரேன், எவ்வளவு அழகா இருக்கு!”

“சோத்துச் சட்டி மேல இருந்து கைய எடுங்க மொதல்ல,” என்றாள் அவள். ஆனால் அவளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. பால் ஏறத் தொடங்கியிருந்தது.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் சங்கத்தில் சொல்லிவிட்டால் தீர்மானம் ரத்தாகும், மாடு தப்பிக்கும் என்று சுப்பையா நம்பினான். மண்டபத்துக்குப் போனான். அங்கே உள்கணக்காய்வாளர் வந்து, டிரம்மில் இருக்க வேண்டியது டிரம்மில் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஐந்தாம் தடவையாகத் திறந்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஐயா, பேபி தேறிடுச்சுங்க. நல்லாத் தின்னுது. பாலும் ஏறிடுச்சு.”

பரமநாதன் துள்ளி எழுந்தார். “பாத்தீரோ! நாங்கள் திறந்த திறப்பு வீண்போகேல்லை!”

“இது இந்த டிரம் இல்லீங்க. வீட்டுல நாங்களே ஒண்ணு...”

அம்பிகைபாகன் பேனாவைக் கீழே வைத்தார்.

“அந்த டிரம் எப்போது திறந்து வைக்கப்பட்டது?”

“திறந்து வைக்கலீங்க. மூடி வச்சோம்.”

“யார் தலைமையில்?”

“யாருமில்லீங்க. நானும் வீட்டுக்காரியும்தான்.”

“படம்?”

சுப்பையா இல்லை என்று தலையை ஆட்டினான். பரமநாதன் நாற்காலியில் சரிந்தார். அம்பிகைபாகன் சங்க விதிகளைப் புரட்டி, முடிவை நிதானமாக அறிவித்தார். முறைப்படி திறந்து வைக்கப்படாத ஒரு டிரம் இருப்பதாகவே கருத முடியாது. இல்லாத டிரம்மிலிருந்து தீவனம் வர முடியாது. வராத தீவனத்தைப் பசு உண்டிருக்க முடியாது. ஆகவே, பேபி அவர்கள் நோயுற்றிருப்பதாகவே அவை கருதுகிறது.

“ஐயா, வந்து ஒரு தடவ பாருங்க! கண்ணாலயே தெரியும்!”

“பார்ப்பது செயலவையின் வேலை அல்ல,” என்றார் அம்பிகைபாகன். “கருதுவதுதான் வேலை.”

பரமநாதனுக்கு அவன்மேல் இரக்கம் பிறந்தது. “பயப்படாதையும். பூசத்துக்கு முதல் நாள் மாபெரும் திறப்பு விழா. ஒரு வை.பி., சட்டமன்ற உறுப்பினர், வாறார். அப்ப உம்மடை மாட்டுக்கு எங்கடை டிரம்மிலையிருந்து அவர் கையாலேயே ஊட்டுவம். திண்டா தேறிட்டுதெண்டு அர்த்தம். தின்னாட்டி, தீர்மானம் இருக்குத்தானே.”

சுப்பையா டிரம்மை எட்டிப் பார்த்தான். மேலே சாம்பல் பூத்திருந்தது. அதற்குக் கீழே ஏதோ நெளிந்துகொண்டிருந்தது. தேறிய மாட்டை இது ஒரே நாளில் கொன்றுவிடும் என்று அவனுக்குத் தெரிந்தது. தின்றாலும் சாவு, தின்னாவிட்டாலும் சாவு.

*

மாட்டை மாடிக்கு ஏற்ற வேண்டும் என்றுதான் முதலில் தீர்மானித்தார்கள். மாடு படி ஏறும், இறங்காது என்று சுப்பையா சொன்ன பிறகு, டிரம்மைக் கீழே இறக்கச் சம்மதித்தார்கள். கடை முன்னால் பந்தல் போட்டு, வாழை மரம் கட்டினார்கள். வை.பி. வரவில்லை. அவருக்கு அன்று ஜுருவில் ஒரு கார்க்கடைத் திறப்பு விழா இருந்தது. பரமநாதன் இதில் கொஞ்சமும் தளரவில்லை. தானே திறப்பதாக அறிவித்தார்.

சுலைமான் லோரியோடு வந்து ஓரமாக நின்றான். சங்கத்திலிருந்து ஆள்விட்டு அவனை வரச் சொல்லியிருந்தார்கள். சுப்பையா பேபியைப் பிடித்துக்கொண்டு பந்தலுக்கு முன்னால் நின்றான். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தான்.

பரமநாதன் மூடியைத் தூக்கினார்.

முன்வரிசை எழுந்தது. பின்வரிசை ஏற்கெனவே போய்விட்டிருந்தது. மகளிர் பிரிவு தலைப்பை மூக்கில் அமுக்கிக்கொண்டு தேவாரத்தை இரண்டாம் வரியில் நிறுத்தியது. பரமநாதன் மட்டும் கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

“அன்பர்களே! இந்த மணத்தைச் சிலர் நாற்றம் என்கிறார்கள். நான் சொல்கிறேன், இது தொண்டின் மணம்! நாங்கள் எதைத் தொட்டாலும் இந்த மணம் வரும்! முன்பு நாங்கள் தொடங்கிய இரவுப் பள்ளியிலும் வந்தது. கூட்டுறவுக் கடையிலும் வந்தது. நாங்கள் கலங்கவில்லை. இனித் தொடப்போவதிலும் இதே மணம் வரும் என்று உறுதி கூறுகிறேன்!”

எட்ட நின்றவர்கள் கைதட்டினார்கள். அம்பிகைபாகன் நீளக் கரண்டியால் டிரம்மிலிருந்து ஒரு கவளம் எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே பேபியின் வாயருகில் நீட்டினார். சுப்பையா கயிற்றை இழுக்கப் போனான். இழுக்க வேண்டியிருக்கவில்லை. பேபி ஒரு தடவை முகர்ந்தது, மூச்சைச் சீறி விட்டது, உடம்பையே திருப்பிச் செயலவைக்குப் பின்புறத்தைக் காட்டி நின்றது. நின்ற இடத்தில் ஒரு வேலையும் செய்தது. கெட்டியாக, ஒழுங்காக, அடுக்கடுக்காக.

“சோதனைப் பசு உணவை மறுத்துவிட்டது,” என்று அம்பிகைபாகன் எழுதினார். “நோய் நீடிக்கிறது என்பது உறுதியாயிற்று. தீர்மானப்படி, நோயுற்ற பசுவைச் சுலைமான் அவர்கள் எடுத்துச் செல்லலாம்.”

சுலைமான் முன்னால் வந்தான். பேபியின் முதுகைத் தடவினான், குனிந்து மடியைப் பார்த்தான். கறக்கிற நேரம் தாண்டியிருந்ததால் காம்பிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது.

“இதுவா செத்துக்கிட்டு இருக்கிற மாடு?” என்று சுலைமான் கேட்டான். “யா அல்லா! மடிய பாத்தீங்களா? இத அறுக்க ஓட்டிட்டுப் போனா என்னைய எவன் யாவாரின்னு மதிப்பான்? எனக்கு நீங்க சொன்னது நோயாளி மாடு. அது எங்க?”

“இதுதான் அது,” என்றார் பரமநாதன்.

“இது அது இல்ல லா, பாஸ்.”

சுப்பையா நேராக மைக்கிடம் நடந்தான். கையைத் தூக்கவில்லை, தூக்கினால் எண்ணிவிடுவார்கள். இத்தனை நாள் அந்த மண்டபத்தில் நின்று நின்று அவர்களுடைய பேச்சு அவன் காதில் ஏறியிருந்தது. அது இப்போது வாயில் வந்தது.

“தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே. நேரத்தின் அருமை கருதி ஒண்ணே ஒண்ணு. தீர்மானத்துல இருக்கிறது நோயாளி மாடு. அது சங்கத்து மாடு, அதை யாருக்கு வேணும்னாலும் குடுங்க. நான் கேக்க மாட்டேன். இங்க நிக்கிறது நல்ல மாடு. இந்த நல்ல மாட்டப் பத்தி ஒங்க குறிப்புல எங்கயாச்சும் ஒரு வரி இருக்குதுங்களா?”

அம்பிகைபாகன் குறிப்பைப் புரட்டினார். முன்னுக்குப் புரட்டினார், பின்னுக்குப் புரட்டினார். அவருடைய நேர்மையில் ஒருவரும் குறை சொல்ல முடியாது.

“இல்லை,” என்றார். “நோயற்ற பசு எதையும் சங்கம் தத்தெடுக்கவில்லை.”

“அப்ப இது யாரு மாடுங்க?”

அம்பிகைபாகன் பேபியை நிமிர்ந்து பார்த்தார். அந்த மாட்டை அவர் உண்மையிலேயே பார்த்தது அப்போதுதான்.

“எங்களுக்குத் தெரியாது,” என்றார். “சங்கத்துக்குச் சம்பந்தமில்லாத மாட்டை விழாப் பந்தலில் நிறுத்தக் கூடாது. தயவுசெய்து அப்புறப்படுத்தும்.”

சுப்பையா அப்புறப்படுத்தினான். பினாங்கு ஸ்திரீட் நெடுகப் பேபியை ஓட்டிக்கொண்டு ஏறக்குறைய ஓடினான். சுலைமான் லோரியை அவன் பக்கத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து, 'ஏறுங்கண்ணே, மாட்டையும் ஏத்துங்க, வீட்டுல விட்டுடறேன்,' என்றான். எந்த லோரி பேபியைக் கொண்டுபோக வந்ததோ அதில் ஏறியே பேபி வீட்டுக்குப் போனது. மறுநாள் விடியலில் ருக்குமணி கறந்த பால் மூன்று வீட்டுக் குடங்களில் நிறைந்து மலையேறியது. சுப்பையா வெயிலில் நின்று அந்தக் குடங்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். பக்கத்தில் நின்றவர்கள் சாமி வந்துவிட்டது என்று வழிவிட்டார்கள்.

*

சங்கத்துக்கு ஒரு சிக்கல் மிஞ்சியது. குறிப்பில் ஒரு நோயாளிப் பசு இருந்தது. விற்கப்படவில்லை, தேறவும் இல்லை. கணக்காய்வாளர் கேட்டால் என்ன சொல்வது? இரண்டு கூட்டம் விவாதித்து, அது காலமாகிவிட்டதாகத் தீர்மானித்தார்கள்.

இரங்கல் கூட்டத்துக்குச் சுப்பையாவும் அழைக்கப்பட்டிருந்தான். பெயருக்கு நேரே 'முன்னாள் டிரம் பாதுகாவலர்' என்று போட்டிருந்தது. மேடையில் ஒரு பசுவின் படம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். பேபியின் படம் கிடைக்காததால் பால்மாவு டின்னிலிருந்து வெட்டி ஒட்டிய படம். யோகம்மா உருக்கமாகப் பாடினார். பரமநாதன், அமரர் பேபி அவர்கள் சங்கத்தின் பணியைக் கடைசி மூச்சுவரை உண்டு வாழ்ந்தார் என்றார். எல்லாரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். சுப்பையாவும் நின்றான். எங்கே சிரித்துவிடுவோமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டான். பார்த்தவர்களுக்கு அவன் துக்கத்தை அடக்குவது போலிருந்தது.

பிறகு தேநீர் கொடுத்தார்கள். தேநீருக்குப் பால் கொண்டுவரும் பொறுப்பைச் செயலவை சுப்பையாவுக்குத்தான் கொடுத்திருந்தது. பரமநாதன் ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணை மூடி இன்னொரு வாய் உறிஞ்சினார்.

“அருமையான பால். எங்கை வாங்கினனீர்?”

“பேபி பாலுங்க,” என்றான் சுப்பையா.

பரமநாதனின் கண் கலங்கியது. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“பாவம், வாயில்லாச் சீவன். போகமுந்திக் கறந்து வைச்சதோ?”

“ஆமாங்க. இன்னிக்குக் காலையிலதான்.”

தலைவர் கோப்பையை நீட்டினார், இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி.